சார், அடுத்த வகுப்பு எப்போ?

என் செல்லத் தம்பி மதிக்கு,

நீ படிக்க மாட்டாய் என்று தெரியும். ஆனாலும் ‘மதிக்கு’ என்று எழுதிய பிறகுதான் கை நகர்கிறது. வேறு யாருக்கு எழுதுகிறேன் என்று நினைத்தாலும் ஒரு வரிகூட வரவில்லை.

இதை உன் கடைசி வீடியோவுக்குக் கீழேயே போடப்போகிறேன். உன்னிடம் பாடம் கேட்டவர்கள் எல்லாரும் படிக்கட்டும். அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். அவள் சரி சொல்வதற்கு இத்தனை மாதம் ஆகிவிட்டது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே சொல்வேன், பொறுத்துக்கொள்.

முதலில் என்னைப் பற்றி. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உன் அத்தான் சிங்கப்பூரிலிருந்து காரியத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். வழக்கம்போல அம்மாவோடு நான் இங்கேயே குடவாசலில் இருக்கிறேன். சித்தி என் தோளைப் பிடித்து உலுக்கி, “அழுதுடுடி, உள்ளயே வச்சுக்காத” என்றாள். உள்ளே என்ன இருக்கிறது என்று நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கருமாதி முடிந்த மறுநாளே தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். தீபாவளிக்குத் தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. ஒருநாள் ஊசி விரலில் ஏறிவிட்டது. துணியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அது குறுவை அறுவடை நேரம். மழை விட்டுவிட்டுப் பெய்ததில் நெல்லில் ஈரம் போகவில்லை. திருவாரூர் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். தூறல் விழுந்ததும் படுதாவால் மூடி, பறக்காமல் இருக்கச் சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு பைக்கில் வந்த நீ, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கினாய். கல்லில் சக்கரம் ஏறிச் சறுக்கிவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தாய். அதையும் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

நெல்லுக்குச் சொந்தக்காரர்தான் உன்னை மடியில் கிடத்திக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். அம்மாதான் போய், “உள்ள வாங்க. நாங்களும் அங்கதான் போடுவோம்” என்றாள். அவர் வந்து உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை. அப்படியே எழுந்து போனார். அதற்கு முந்தின வருஷம் அதே ரோட்டில் நம் நெல்லுக்கு நீயும் நானும்தான் காவல் இருந்தோம். யார் மேல் கோபப்படுவது, மதி?

உன் போன் திரும்பி வந்தது. கண்ணாடி ஓரத்தில் மட்டும் விரிந்திருந்தது. அதை சார்ஜில் போட்டதும் டிங் டிங் என்று வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் உன் மாணவர்கள். மாணவர்கள் என்ன, பாதிப் பேர் என் வயசுப் பெண்கள். அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உன்னிடம் இங்கிலீஷ் கற்றவர்கள். “சார், நௌன் வகுப்பு சூப்பர்.” “சார், ‘டீம்’ கலெக்டிவ் நௌனா, காமன் நௌனா?” “சார், அடுத்த வகுப்பு எப்போ?”

கடைசி வீடியோவில் பெயர்ச்சொல்லின் ஐந்து வகையையும் முடித்திருந்தாய். ஊர் என்றால் காமன் நௌன், குடவாசல் என்றால் ப்ராப்பர் நௌன். கோடியக்கரைக்கு வரும் பறவைக் கூட்டம் கலெக்டிவ் நௌன். உப்பு மெட்டீரியல் நௌன். பசி அப்ஸ்ட்ராக்ட் நௌன், “கையில பிடிச்சுக் காட்ட முடியாது, ஆனா இல்லைன்னு சொல்லிடாதீங்க, மத்தியானம் ஒரு மணிக்கு என்னைக் கேளுங்க” என்று சிரித்தாய். நாளைக்கு ப்ரோநௌன் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கையை ஆட்டினாய். அதோடு முடிகிறது.

நான் கீழே பதில் எழுதப் போனேன். ‘சார் இறந்துவிட்டார்’ என்று இரண்டே வார்த்தைதான். தட்டச்சும் செய்துவிட்டேன். அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி எழுதுற?”

“சொல்லணும்ல அம்மா. கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

“வேணாம். அழிச்சிடு.”

“எத்தனை நாளைக்கு?”

“ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு. அங்க தெரியல. அங்கயாவது இருந்துட்டுப் போகட்டும், விடு.”

அழித்துவிட்டேன். எனக்கு அதில் ஒரு கருத்தும் இல்லை. சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி என்றுதான் இருந்தது.

அதன் பிறகு அந்தப் போன் அம்மாவோடது ஆகிவிட்டது. கீரை ஆயும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் உன் பாடம் ஓடும். உன் குரல் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும். நீ இருந்தபோது வீடியோ எடுக்கிற நேரத்தில் அம்மாவுக்கு உன்மேல் எரிச்சல்தான் வரும், மிக்ஸி போடக் கூடாது என்பாயே. இப்போது அவளே எனக்குப் பாடம் நடத்துகிறாள். “நௌன்னா பேரு. ஆளு பேரு, ஊரு பேரு, பொருளு பேரு.” கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த நம் அம்மா, ஐந்து வகையையும் வரிசை மாறாமல் சொல்கிறாள்.

தை மாசம் ஒரு குரல் செய்தி வந்தது. கோடியக்கரைப் பக்கம் ஜெயந்தி என்று ஒருத்தி. உனக்குத் தெரியும், நீதான் அவளுக்குப் பத்தாம் வகுப்பு கைடு வாங்கி கூரியரில் அனுப்பியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற உதவியாளர். பத்தாவது பாஸ் செய்தால் வேலையில் ஒரு படி மேலே போகலாம். தனித்தேர்வு எழுதி மற்றப் பாடமெல்லாம் தேறிவிட்டாள். இங்கிலீஷில் மட்டும் கோட்டைவிட்டு மறுபடி எழுதப்போகிறாள்.

“சார், வணக்கம் சார். ஒரே ஒரு சந்தேகம் சார். மாதிரித் தேர்வுல, ‘ஷி சால்ட்ஸ் த ஃபிஷ்’னு குடுத்து, ‘சால்ட்ஸ்’ என்ன வகைச் சொல்லுன்னு கேட்டிருந்தாங்க. நான் நௌன்னு எழுதினேன். தப்புன்னு போட்டுட்டாங்க. உப்பளத்துக்குப் பக்கத்துல பொறந்து வளந்தவ சார் நான். உப்பு ஒரு பொருளுதானே? நீங்களே மெட்டீரியல் நௌன்னு சொன்னீங்கல்ல? அது எப்படி சார் தப்பாகும்?”

குரலில் கோபம் இருந்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டாம் தடவை கேட்டேன். எனக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. பல வாரங்களுக்குப் பிறகு எனக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

உன் பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். முகத்தைப் பார்க்கவில்லை, பாடத்தைத்தான் தேடினேன். இரண்டு வருஷத்துக்கு முந்தின ஒன்றில் கிடைத்தது. கொல்லையில் கத்தரிச் செடி பக்கத்தில் குடத்தோடு நிற்கிறாய். “குடத்துல இருக்கிறது வாட்டர், அது நௌன். இப்ப இதைச் செடிக்கு ஊத்துறேன். ‘ஐ வாட்டர் த ப்ளான்ட்ஸ்’. இங்க அதே வாட்டர் வெர்ப் ஆயிடுச்சு. சொல்லோட மூஞ்சியப் பாக்காதீங்க. அந்த வாக்கியத்துல அது என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க. நான் பள்ளிக்கூடத்துல வாத்தியார், வயல்ல மடை திறக்கிறவன், எங்க அக்காவுக்கு கரண்டு பில்லு கட்டுறவன். ஆளு ஒண்ணுதான்.”

அதை வெட்டி அவளுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “புரிஞ்சிடுச்சு சார்! அவ மீனுக்கு உப்புப் போடுறா. போடுற வேலையைச் சொல்லுது, அதனால வெர்ப். நானே தினம் செய்யற வேலை சார், எனக்குத் தெரியாமப் போச்சே. பரீட்சைக்கு முன்னாடி உங்கள ஒரு தடவை நேர்ல பாக்கணும் சார்.”

அதற்கு நான் பதில் போடவில்லை. அம்மாவிடம் காட்டினேன். அவள் போனை வாங்கி அந்தக் குரலைக் கேட்டாள். ‘நேர்ல பாக்கணும் சார்’ என்ற இடத்தை மட்டும் திருப்பி வைத்துக் கேட்டாள்.

மாசியில் ஒரு நாள் காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கூரியர் உறையில் நீ எழுதிய முகவரியைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, திருவாரூர் என்று பஸ் மாறி மாறி வந்து, பஸ் ஸ்டாண்டில் தெருப் பேரைச் சொல்லி ஆட்டோ பிடித்திருக்கிறாள். என்னைவிட ஐந்தாறு வயசு சின்னவளாக இருப்பாள். கையில் ஒரு பை. பேப்பரில் சுற்றியிருந்தாலும் கருவாடு என்று வாசனை சொல்லிவிட்டது.

“அம்மா, மதி சார் வீடுதானே? நான் ஜெயந்தி. சார் இருக்காங்களா?”

அம்மா வாசல்படியில் நின்றிருந்தாள். நான் மெஷினுக்குப் பின்னால்.

“இல்லம்மா” என்றாள் அம்மா.

“எப்ப வருவாங்க? நான் காத்திருக்கேன் அம்மா. சாயங்காலம்தான் எனக்கு பஸ்.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ, சொல்லிவிடுவேன் என்று பயந்தாளோ, தெரியவில்லை. பிறகு திரும்பி, “உக்காரும்மா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

உன் படம் உள் அறையில் இருக்கிறது. முன்கூடத்தில் உட்கார்ந்தால் தெரியாது.

அவள் உட்கார்ந்தாள், மதி. உனக்காகக் காத்திருந்தாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். அப்புறம் காபி. அப்புறம் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள். “அவனுக்கு முருங்கைக்காய் சாம்பார்னா உசுரு. காய் இல்லாட்டி மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்.” “சின்னப் பிள்ளையிலேயே அப்படித்தான், பாக்கிறவனுக்கெல்லாம் ஏதாவது சொல்லிக் குடுத்துக்கிட்டே இருப்பான்.” ஜெயந்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். நடுவில் வாசலைப் பார்ப்பாள். அவள் பார்க்கும்போதெல்லாம் அம்மாவும் பார்ப்பாள்.

நான் எழுந்து போய்த் தடுத்திருக்கலாம். மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். எந்தத் துணி, யாருடைய துணி என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

மத்தியானம் அம்மா இலை போட்டாள். “அவன் வர்றதுக்கு நேரம் ஆகும், நீ சாப்பிடு.” ஜெயந்தி தயங்கினாள், சார் வந்ததும் சேர்ந்து சாப்பிடுகிறேன் என்றாள். அம்மா விடவில்லை. சோறு போட்டாள், சாம்பார் ஊற்றினாள். மோர் ஊற்றும்போது கை அப்படியே நின்றுவிட்டது.

“அவன் வரமாட்டான்மா.”

ஜெயந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“போயிட்டான். ஐப்பசியிலேயே போயிட்டான். கொஞ்ச நேரம் யாராவது அவனுக்குக் காத்துக்கிட்டு இருக்கட்டும்னு நான்தான் சும்மா இருந்துட்டேன். தப்பா நினைச்சுக்காத.”

அவள் கத்தவில்லை. இலையில் இருந்த கையை எடுக்கவும் இல்லை. “என்னம்மா சொல்றீங்க” என்று மட்டும் கேட்டாள், மறுபடியும் கேட்டாள். அம்மா அவளை எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். சோற்றுக்கையோடு நின்றாள் பாவம். அம்மாதான் செம்பில் தண்ணீர் எடுத்து அவள் கையைக் கழுவிவிட்டாள்.

ஜெயந்தி திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்ப உப்புக்கு யாருக்கா பதில் போட்டது?”

“நான்தான். ஆனா சொன்னது அவன்தான். பழைய வீடியோ.”

“எதுலன்னு தேடி எடுத்தீங்கல்ல?”

“ம்.”

பிறகு பையிலிருந்து நீ அனுப்பிய கைடை எடுத்தாள். “ப்ரோநௌன் தொடங்கல. எட்டு வகைச் சொல்லுல ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு. பரீட்சைக்கு நாள் இல்ல. நீங்க சொல்லிக் குடுங்கக்கா.”

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. பன்னெண்டாவதுல பார்டர்ல பாஸ் பண்ணினவ.”

“எனக்கும்தான் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து படிப்போம்.”

பஸ் நேரம் வரைக்கும் படித்தோம். ஒரே ஆள் பேரையே திரும்பத் திரும்பச் சொல்லாமல் அந்த இடத்தில் வேறு ஒரு சின்னச் சொல்லைப் போட்டால் அது ப்ரோநௌன். ஹி, ஷி, இட், தே. இவ்வளவுதான் என்று தெரிந்துகொள்ளவே எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அம்மா கதவுப் பக்கம் உட்கார்ந்து கேட்டாள். “அப்ப அது பேருக்குப் பதிலா நிக்குதா?” என்று கேட்டாள். ஆமாம் என்றோம்.

கிளம்பும்போது ஜெயந்தி கருவாட்டை அம்மா கையில் கொடுத்தாள். சாருக்குக் கொண்டு வந்தேன் என்று சொல்லவில்லை. “வெயில்ல ஒரு தடவை காட்டிட்டு வச்சுக்கங்கம்மா” என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அவள் போனில் கூப்பிடுவாள். பகலில் நான் கைடைப் படித்துவைப்பேன். புரியாத இடத்துக்கு உன் பழைய வீடியோவைத் தேடுவேன். அதிலும் இல்லாவிட்டால் தெருக்கோடி மெடிக்கல் ஷாப்பில் இருக்கிற பெண்ணைக் கேட்பேன். மற்ற வகைகளில் எனக்கு ரொம்பத் தகராறு கொடுத்தது அட்வெர்ப்தான். ‘ஃபாஸ்ட்’ என்ற ஒரே சொல் ஒரு வாக்கியத்தில் அட்ஜெக்டிவ், இன்னொன்றில் அட்வெர்ப். ‘ஃபாஸ்ட் பஸ்’ என்றால் பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறது, ‘ரன் ஃபாஸ்ட்’ என்றால் ஓடுவதைப் பற்றிச் சொல்கிறது. இதை ஜெயந்திக்கு விளக்கிவிட்டு போனை வைத்தபோது, எனக்குப் பசித்தது. எழுந்துபோய் ஒரு தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். இதை ஏன் உனக்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. சொல்லணும் போல இருந்தது.

அவள் பரீட்சை எழுதப் போன அன்று அம்மா தானாகவே பேச்சை எடுத்தாள்.

“எல்லாருக்கும் சொல்லிடு.”

“நெஜமாவாம்மா?”

“ஒருத்தி வந்தா, சோறு போட்டு உக்கார வச்சேன். இன்னும் எத்தனை பேரை அப்படி உக்கார வைக்கிறது? அதுங்களுக்கும் வேலை வெட்டி இருக்கும்ல.”

கொஞ்சம் பொறுத்து, “வீடியோ எல்லாம் அழிஞ்சிடாதுல்ல?” என்று கேட்டாள். அழியாது என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ரிசல்ட் வரட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன்.

ஆகவே, இதைப் படிக்கிறவர்களே, சார் இல்லை. அடுத்த வகுப்பு எப்போ என்று கேட்டவர்களுக்கு இத்தனை நாள் பதில் சொல்லாததற்குக் காரணம் மேலே இருக்கிறது. ‘டீம்’ என்று கேட்டிருந்தவருக்கும் சொல்லிவிடுகிறேன். அது கலெக்டிவ் நௌன். கைடில் பார்த்தேன்.

மதி, முந்தாநாள் ரிசல்ட் வந்தது. ஜெயந்தி பாஸ். பெரிய மார்க் ஒன்றும் இல்லை, ஆனால் பாஸ். காலையிலேயே கூப்பிட்டுவிட்டாள். பின்னால் அவள் வீட்டில் ஒரே சத்தம். அம்மா போனை என்னிடமிருந்து பிடுங்கி, “நல்லா இரு, நல்லா இரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

“அக்கா, நான் ஒண்ணு இங்கிலீஷ்ல சொல்றேன், தப்பு இருந்தா திருத்தணும்” என்றாள். மூச்சை இழுத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “மதி சார்... ஈஸ்... குட் டீச்சர்.”

“நடுவுல ஒரு ‘எ’ விட்டுப்போச்சும்மா” என்றேன். “ஈஸ் எ குட் டீச்சர்.”

அவள் திருப்பிச் சொன்னாள். “மதி சார் ஈஸ் எ குட் டீச்சர்.”

“இப்ப சரி” என்றேன்.

‘ஈஸ்’ என்ற சொல்லை ‘வாஸ்’ என்று அவளும் மாற்றவில்லை, நானும் திருத்தவில்லை. போனை வைத்த பிறகுதான் முகம் நனைந்திருப்பது தெரிந்தது. கொஞ்சம்தான். முந்தானையால் துடைத்துக்கொண்டு அரைகுறையாகக் கிடந்த ஜாக்கெட்டுக்குப் பட்டன் கட்டி முடித்தேன்.

நாளைக்கு ப்ரோநௌன் வீடியோ எடுக்கிறேன். தப்புகள் இருக்கும், உன் மாணவர்கள் திருத்திக்கொள்ளட்டும். மிச்சம் இருக்கிற ஏழு வகையையும் உன் சேனலிலேயே, என் வாயாலேயே சொல்லி முடித்துவிடுவேன், பாதியில் விடமாட்டேன்.

இப்படிக்கு,
கரண்டு பில்லைத் தானே கட்டக் கற்றுக்கொண்ட
உன் அக்கா தமிழ்ச்செல்வி